புல்லுக்கட்டுக்கு நின்ற வண்டி

திருவனந்தபுரத்தில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் சிற்றுந்து செய்கிற ஒரு சின்னக் குழுவில் நான் வேலை பார்க்கிறேன். எதிரே வருவது ஆளா, மாடா, ஸ்கூட்டரா என்று கேமரா வழியாகப் பார்த்து வண்டியே முடிவெடுக்க வேண்டும். அதற்கு அதைப் பழக்குவது என் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னத்துகாலில் எங்கள் வீட்டு முன்சாலையில் எடுத்த வீடியோவை மடிக்கணினியில் ஓடவிட்டேன். நாய், ஸ்கூட்டர், பள்ளிக்கூட வேன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. பிறகு அந்த வீடியோவில் என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, ரப்பர் தோட்டத்திலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு சாலையோரமாக வந்தாள். திரையில் அவளைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. ‘செடி.’

வீடியோவை நிறுத்தினேன். சாலையோரச் செடிக்காக எந்த வண்டியும் வேகத்தைக் குறைக்காது.

பின்னால் நின்று பார்த்த மைனி விடவில்லை. “நான் செடியா? நல்லா பாக்கச் சொல்லு மக்கா. கண்ணு உண்டுல்லா அதுக்கு?”

அடுத்த ஒரு மாதம் மைனி நடந்தாள், நான் படம் பிடித்தேன். புல்லுக்கட்டோடு, வாழைக்குலையோடு, மரச்சீனி என்னும் மரவள்ளிக் கம்போடு, மழையில் குடையோடு. அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். “இன்னைக்கு எனக்க சக்கையையும் எடு” என்று ஒருத்தி பலாப்பழத்தோடு வந்து நின்றாள்.

அந்தப் படங்களால் வண்டியைப் பழக்கிய பிறகு, பாறசாலைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் சோதனை நடந்தது. வண்டிக்குள் அவசரப் பொத்தானில் விரல் வைத்தபடி எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். ஓர் ஆளுயரப் பொம்மையின் தலையில் புல்லை வைத்து, வண்டி வரும் வழியில் நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது.

மைனிக்கு அது போதவில்லை. “பொம்மை சும்மால்லா நிக்குது. நான் நடந்தாத்தான் தெரியும்.”

“வேண்டாம் மைனி, எனக்குப் பேடியா இருக்கு” என்று பயந்தேன்.

“எனக்குப் பேடி இல்ல. நீ படிப்பிச்ச வண்டியாக்கும்.”

குழுத்தலைவர் யோசித்து, வேகத்தைப் பாதியாக்கிச் சம்மதித்தார். மைனி புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தாள். அவளுக்குப் பதினைந்து அடி முன்னால் வண்டி சத்தமில்லாமல் நின்றது. என் கையிலிருந்த திரையில் ‘ஆள்’ என்று வந்தது. கத்திவிட்டேன். குழுவே கத்தியது. மைனி விலகியதும் வண்டி தானாக நகர்ந்தது.

பிறகு அவளை ஏற்றி மைதானத்தைச் சுற்றினோம். முன்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இது ரோட்டுல குளத்தூர் வரைக்கும் போவுமா?”

“இப்பப் போவாது மைனி. அனுமதி கிடைக்கணும்.”

“அப்ப இன்னும் ஒரு சுற்று விடு.”