கந்தம்மாளின் இடது கால்

ராசிபுரத்து நெசவாளர் தெருவில் கந்தம்மாளிடம் உதை வாங்காத முதுகு அந்தக் காலத்தில் கிடையாது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே உதைதான். இடுப்பு பிடித்துக்கொண்டால் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர் யாரென்று தேடிப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு போய்க் குப்புறப் படுத்து, அவர் காலால் முதுகில் மூன்று தரம் தட்டச் சொன்னால் பிடிப்பு ஓடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? குமாரபாளையத்துக் கந்தம்மாள் 1926ஆம் வருஷம் ஆவணியில் வீரபாகுவைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். மூன்றாம் நாள் காலையிலேயே நான்கு பேர் இடுப்பில் கைவைத்தபடி வாசலில் நின்றார்கள்.

அவள் இடது கால் வலது காலைவிட ஒரு விரற்கடை குட்டை. சூம்பினாற்போல் இருக்கும். நடந்தால் ஒரு பக்கம் தாழ்ந்து தாழ்ந்து எழுவாள். "காலால பொறந்த புள்ளைங்க, அதான் கால் இப்படி" என்று அவள் அம்மா நல்லம்மாள் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருந்தாள். அதோடு பேச்சே மாறிவிட்டது. நொண்டி என்று மூக்கைச் சுளித்திருக்க வேண்டிய ஜனம், ராசியான கால் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தாம்பூலம் மாற்றியது. நம்ம ஜனம் இருக்கிறதே!

முதலில் படுத்தவர் மருதாசலம். அறுபது வயது, தெருவுக்கே பெரியவர். புதுப்பெண் நடுங்கிப்போனாள். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பெரியவங்க மேல கால் படுதுங்களே, சாமி" என்றாள்.

"அட, மிதி கண்ணு. என்ற ஊட்டுக்காரி நாப்பது வருசமா மனசுக்குள்ளயே செஞ்சிட்டு இருக்கறத நீ வெளிய செஞ்சிட்டுப் போயேன்!"

வாசலே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே மூன்று தரம் தட்டினாள். ஆனால் அதற்கு நான்காம் நாள் அதே மருதாசலம் கூனிக்கொண்டு திரும்பி வந்தார். குணமில்லை. அன்று பூராவும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குணமானவர்கள் ஏழு பேர் இருந்தாலும் குணமாகாத ஒருவர்தான் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடைசிவரைக்கும் அவள் அப்படித்தான்.

மறுநாள் அவரைப் படுக்கவைத்துத் தட்டாமல், காலை முதுகில் சும்மா வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தன் உடம்பு தெரியும். குட்டைக் கால் இடது கால்தான், ஆனால் நாளெல்லாம் நடந்தால் அந்தக் கால் வலிக்காது. வலது இடுப்புதான் கடுக்கும், பொழுது சாய்ந்தால் கழுத்தும் சேர்ந்துகொள்ளும். அப்படியானால் இவர் முதுகில் வலிக்கிற வலி எங்கிருந்து வருகிறது? மருதாசலம் அப்போதுதான் கயிற்றை இழுத்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் பறக்கவிடும் புதுத் தறிக்கு மாறியிருந்தார். வலது கை இழுத்துக்கொண்டே இருக்க, உடம்பின் பாரமெல்லாம் ஒரு பக்கத்துப் பிட்டத்தில் இறங்கியது. அவள் முதுகை விட்டுவிட்டு அந்தப் பிட்டத்தின் பக்கவாட்டில் உள்ளங்காலை வைத்தாள். கல்லாட்டம் இருந்தது. அவர் மூச்சு விடும்போது மெல்ல அழுத்தினாள், இழுக்கும்போது தளர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ இளகியது. பிறகு மறக்காமல் மூன்று தட்டு.

எழுந்த மருதாசலம் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அட சாமி! நேரா நிக்கறனே!"

ஆஸ்டியோபதி என்று ஒரு வைத்தியம் உண்டு. அமெரிக்காவில் ஒரு டாக்டர் தொடங்கியது. எலும்பும் மூட்டும் தசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை, ஓரிடத்து இறுக்கம் வேறோர் இடத்தில் வலியாகத் தலைகாட்டும் என்பது அதன் பாடம். அதனால் கையாலேயே இறுக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அழுத்தியும் நீவியும் மூட்டை அசைத்தும் இளக்குவார்கள். மீதியை உடம்பு தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற காரியம். கந்தம்மாளுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் வாயில் நுழையாமல் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

வருகிறவர்களை முதலில் தெருவில் பத்தடி நடக்கச் சொல்வாள். செருப்பைத் திருப்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். நெசவாளியானால், "உக்கார்ற பலகைய நாலு விரல் தூக்கிப் போடுங்க. வெயில் ஏறதுக்குள்ள நாலு தரம் தறிக்குழிய விட்டு எந்திரிச்சு நடங்க" என்று கறாராகச் சொல்வாள். பக்கத்து ஊரிலிருந்து சின்னான் என்ற குடியானவனை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கால் விரலைக் கிள்ளினாள், தெரியவில்லை என்றான். நேற்றிலிருந்து சிறுநீரும் இறங்கவில்லை என்றான். அவள் காலைத் தூக்கவே இல்லை. "இது எனக்கு மிஞ்சினதுங்க. இப்பவே சேலத்துக்கு ஓட்டுங்க, பெரியாஸ்பத்திரிக்கு" என்று வண்டியைத் திருப்பிவிட்டாள்.

இத்தனை தெரிந்தவளுக்கு ஒன்று மட்டும் தெரியாது. முன்னால் செய்வதெல்லாம் வெறும் தடவல், நோயை விரட்டுவது கடைசியில் போடும் மூன்று தட்டுதான் என்றே அவளும் நம்பினாள். வரம் காலில் இருக்கிறது, கை வெறும் கை என்று.

மாமியார் சுப்பம்மாளுக்கு இது எதுவும் பிடிக்காது. "வாரவன் போறவன் மேலெல்லாம் காலை வெக்கறா, என்ன பொழப்போ" என்று முனகிக்கொண்டே, வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள். நாளெல்லாம் ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றுவது அவள் வேலை. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருமுறை கந்தம்மாள், "இடுப்பு வலிக்குதுங்களா அத்தை?" என்று கேட்டாள். "எனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்" என்று வெடுக்கென்று பதில் வந்தது. அப்புறம் யார் கேட்பார்கள்?

1937 மார்கழியில்தான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. அடுத்த சேலைக்கென்று பாவு நூல் சுற்றிய மரத்தைத் தனியாளாகத் தூக்கிய வீரபாகு அப்படியே தரையில் சாய்ந்தான். எழ முடியவில்லை. தறியில் தை முகூர்த்தத்துக்கான கூறைப்புடவை பாதியில் நின்றது. இருபத்தைந்து நாளில் முடியாவிட்டால், நூல் கொடுத்தவர்கள் பாவு நூலை அறுத்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதுகூடப் போகட்டும். குழியில் காலை இறக்கி உட்கார முடியாத நெசவாளி அப்புறம் என்ன செய்வான்?

"ஊருக்கெல்லாம் உதை, எனக்கு மட்டும் இல்லீங்களா அம்மிணி?" என்று முதல் நாள் கேலி பேசினான்.

கந்தம்மாளுக்கு உயிரே போய்விட்டது. புருஷன் மேல் காலா? சுப்பம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "பொண்டாட்டி கால் பட்டா அவன் ஆயுசு கொறையும். நெனச்சுக்கூடப் பாக்காதே!" அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். கந்தம்மாள் தன் காலை வெட்டிப் போட்டாலும் போடுவாள், அவன் மேல் வைக்க மாட்டாள்.

உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள், வைத்தியர் தைலம் பூசினார்கள். வெளியே வாசலில் வந்தவர்கள் நிமிர்ந்து போய்க்கொண்டிருக்க, உள்ளே அவன் சுருண்டு கிடந்தான். ஆறாம் நாள் கேலியை நிறுத்திவிட்டான். "காலை வெச்சுத் தொலை. இப்படிக் கெடக்கறதுக்கு ஆயுசு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அந்தக் கேலி நின்றதுதான் அவளைக் கொன்றது.

ஒன்பதாம் நாள் காலை, செய்தி கேட்டு நல்லம்மாள் ஒரு தூக்கு நிறையக் கச்சாயப் பலகாரத்தோடு வந்து இறங்கினாள். மருமகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகளைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்க் கிணற்றடியில் நிறுத்தினாள்.

"கண்ணு, கையால செஞ்சு பாரேன்."

"கையில என்னம்மா இருக்குது? வரம் கால்லதான?"

நல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரமும் இல்ல, ஒன்னுமில்ல. எல்லாப் புள்ளையுமாட்டத் தலையிலதான் பொறந்தே. ரெண்டு வயசுல காய்ச்சல் வந்து கால் சூம்பிப் போச்சு. மூணு எடத்துல நொண்டின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாங்க. நாலாவதா இவங்க வந்தப்ப என் வாயில அந்தப் பொய் வந்துருச்சு, சாமி."

கந்தம்மாள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷம். எத்தனை பெரியவர்கள் மேல் காலை வைத்திருக்கிறாள்! "ஊரையே ஏமாத்திட்டம்மா" என்று அழுதாள்.

"ஏமாத்தினது நானு. நீ என்ன ஏமாத்தினே? குனிஞ்சு வந்தவங்க நிமுந்துதான போனாங்க? அது பொய்யா?" நல்லம்மாள் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "காலுக்குத் தெரிஞ்சது கைக்குத் தெரியாதா? போ கண்ணு."

உள்ளே போனவள் முதலில் புருஷனின் கால்விரல்களைக் கிள்ளினாள். "ஆ!" என்றான். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாள். "அதெல்லாம் போகுது, ஆளத்தான் எந்திரிக்க உட மாட்டேங்குது" என்றான். பயமில்லை என்று ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையைத் தோளிலும் வைத்தாள். இத்தனை வருஷம் உள்ளங்காலால் தேடியதைக் கை நொடியில் கண்டுபிடித்தது. கைக்கு இன்னும் நன்றாகவே தெரிந்தது. பிட்டத்தில், தொடையின் பின்புறத்தில், விலாவுக்குக் கீழே என்று இறுகிய இடமெல்லாம் மூச்சுக்கு மூச்சு அழுத்தி இளக்கினாள். அன்று அவன் தானாகப் புரண்டு படுத்தான். மூன்றாம் நாள் உட்கார்ந்தான். ஏழாம் நாள் பலகையை உயர்த்திப் போட்டுக்கொண்டு தறியில் இறங்கி, "உதையில்லாமயே எந்திரிச்சுட்டேன் பாத்தீங்களா!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினான். தறிச் சத்தம் கேட்டபோது கந்தம்மாள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, வைத்தியத்துக்கு ஆட்கள் வரும் நேரத்தில், சுப்பம்மாள் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பாயை எடுத்து விரித்தாள். சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கி, அதில் குப்புறப் படுத்தாள்.

"அத்தை?"

"கையால பாரு. காலு வேண்டாம்."

கந்தம்மாள் பாயருகே வந்து நின்றாள்.

"அன்னிக்குக் கொல்லைச் சன்னலோரம் நூல் சுத்திட்டு இருந்தேன். உங்கம்மா சொன்னது அத்தனையும் கேட்டுச்சு. ஆர்கிட்டயும் மூச்சு உட மாட்டேன். ஊருக்கு நீ காலால பொறந்தவளாவே இருந்துக்க." பாயில் முகம் புதைந்திருந்ததால் குரல் அமுங்கி வந்தது. "பதினோரு வருசமா ஊர் முதுகெல்லாம் நீ நிமுத்தறதப் பாத்துட்டேதான் இருக்கறேன். மருமவ கால் என் மேல படறதான்னு வலிய முழுங்கிட்டுக் கெடந்தேன். முடியல கந்தம்மா."

கந்தம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் மாமியாரின் முதுகில் வைத்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை இளகிய இடம் ஒன்றுகூட இல்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்த மனுஷி தினமும் என்னிடம் வந்தவர்களுக்குத் தண்ணீர் சுமந்தாள்?

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்க, உள்ள ஆள் இருக்குது!" என்று படுத்தபடியே அதட்டினாள் சுப்பம்மாள். பிறகு மருமகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அழுவறத நிறுத்திட்டு அமுக்கு கண்ணு. முதுகெல்லாம் நனையுது."