கொடிக்காலில் ஒளிந்துகொண்டேன்

கல்யாணமான வருஷம், பள்ளிக்கூட விடுமுறையில் நானும் மனைவியும் சீவலப்பேரியில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். நான் உபாத்தியாயர். ஒரு மாலை ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குள் உலாவினோம். அகத்தி நிழலும் ஈரமண் குளிர்ச்சியும் வெற்றிலையின் கார மணமும் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

விளையாட்டாக ஒரு கொடி வரிசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அத்தான், எங்கன இருக்கீய?" என்று தேடினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலைந்து முறை கூப்பிட்டவள் திடீரென்று அலறினாள்.

ஓடினேன். எல்லா வரிசைகளும் ஒன்றுபோலவே இருந்தன. கடைசியில், சுற்றுச்சுவரில்லாத ஒரு கிணற்றின் விளிம்பில் அவளைக் கண்டேன். கால் வழுக்கியவளை, அங்கே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண் இடுப்போடு இழுத்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா அந்தக் கத்து கத்துதாவ, ஒரு குரல் குடுக்கப்படாதா ஐயா?" என்றாள் அந்தப் பெண்.

மனைவி என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அக்காளிடமும் சொல்லவில்லை.

பத்து வருஷமாகிறது. இப்போதெல்லாம் அவள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே, "இந்தா வந்துட்டேன்" என்று எழுந்துவிடுகிறேன். இதை எழுதி முடிப்பதற்குள்ளேயே இரண்டு முறை எழுந்தாயிற்று.