மூடாத முதுகுப் பக்கம்

பத்து நாள் இமயமலை நடைப்பயணத்துக்கு வாங்கியவற்றில் எனக்கு அதிகப் பெருமை, பைக்கு மேல் மாட்டும் மழை உறைதான். கிளம்புவதற்கு முந்தைய வாரம், நிரப்பிய பையைச் சுமந்து பழக, கொட்டும் மழையில் சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினேன். போனில் அம்மாவிடம் உறையின் புகழ் பாடியது பக்கத்தில் நின்ற பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் வேலையாம். என் காலடியில் இருந்த பையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, முதுகுப் பக்கம் மூடலியே. தண்ணி உள்ள எறங்கும்லா?”

“இது மலைக்குன்னே செஞ்சதுக்கா,” என்றேன், வெடுக்கென்று.

அவர் கோபப்படவில்லை. வேலையிடத்தில் மாற்றிக்கொள்ள வைத்திருந்த சேலையை ஒரு பெரிய, கனத்த பிளாஸ்டிக் பையிலிருந்து உருவிவிட்டு, அந்தப் பையை என் கையில் திணித்தார். “துணிமணிய இதுல போட்டு, பொறவு உள்ள வையி. மழைக்கு நாங்க இப்படித்தான் போறோம்.”

ஏழாம் நாள் மலையில் விடாத மழை. முதுகு வழியே வழிந்த தண்ணீரில் பை ஊறிப்போனது. அவர் தந்த பிளாஸ்டிக்குக்குள் வைத்திருந்த ஸ்லீப்பிங் பேக் மட்டும் நனையவில்லை. அதற்குள் கதகதப்பாகப் படுத்த பிறகுதான் புத்தியில் பட்டது: அன்று அவர் சேலை நனைந்திருக்கும்.

இப்போது மலைக்குப் போனால் இரண்டு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, என்னைப்போல் வெடுக்கென்று பேசும் யாருக்காவது.