முகாம் வாசலில் என் அம்மா

என் அம்மா பயந்த மனுஷி. இடி முழங்கினால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செபம் பண்ணுவார். ஒழுங்கையில் நாய் குரைத்தால் வாசல் படலையைத் திறக்கமாட்டார். அப்படிப்பட்டவர்தான் எண்பத்து நான்காம் ஆண்டு மாரிகாலத்தில் இராணுவ முகாமின் வாசலில் போய் இருந்தார். அவரைத் தனியே விட மனம் வராததால் மகள் நானும் இருந்தேன்.

எங்கள் வீடு பண்டத்தரிப்பில் இருந்தது. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தேன். தம்பி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த ஒழுங்கையில் நாங்கள் மட்டும்தான் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் எல்லோரும் சைவர்கள். அடுத்த வளவில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிற குடும்பம். அந்த வீட்டு மாமியின் மூத்த மகனும் என் தம்பியும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் ரியூசனுக்குப் போவார்கள்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ஜீப்பின் முன் சீற்றில், முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனை இருத்தியிருந்தார்கள். கண்களுக்கு மட்டும் ஓட்டை. ஆண்கள் வரிசையாக அவனைக் கடந்து நடக்க வேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள். நாங்கள் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். மாமியின் மகன் போனபோது தலை ஆடியது. பின்னால் வந்த தம்பிக்கும் ஆடியது. தம்பி திரும்பி எங்களைத் தேடினான். அதற்குள் ஒருவன் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து மேலே தள்ளிவிட்டான்.

எங்கள் போதகர் அரசாங்க அதிபருக்கு எழுதினார். ஆயரைப் போய்ப் பார்த்தார். பொறுத்திருங்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம். அம்மா பொறுத்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பிடித்தவர்களைத் தெற்கே கொண்டுபோகப் போகிறார்கள், அங்கே போனால் திரும்புவது கடினம் என்று ஒரு கதை சந்தையில் உலாவியது. அந்தக் கதை எங்கள் வீட்டுக்கு வந்த கிழமை, பெண்கள் செபக் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“நாளைக்கு நான் முகாமுக்குப் போறன். பிள்ளையை விடுமட்டும் அங்கை இருக்கப் போறன். ஆரும் வாறதெண்டால் வாங்கோ.”

போதகர் திகைத்துப் போனார். அவரும் பயந்த மனிதர்தான். சுட்டால் என்ன செய்வியள் என்று கேட்டார்.

“சுட்டாலும் ஓடமாட்டம், ஐயா. இருப்பம். செபிக்கிறதைத் தவிர வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது. அதை வீட்டிலை இருந்து செய்யிறன். அங்கை இருந்து செய்தால் அவையளுக்கும் கேக்கும்.”

 போதகர், போவதென்றால் எப்படி இருப்பது என்று இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் வேதக் கோயில் மண்டபத்தில் கூட்டமாக நடந்து பழகினோம். அவர் ஒரு தகர மூடியைச் சீமெந்துத் தரையில் போட்டு அடித்தார். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் ஓடாமல் நின்ற இடத்திலேயே தரையில் இருந்துவிட வேண்டும். முதல் தடவை பாதிப் பேர் கதவை நோக்கி ஓடினோம். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கத்தி, கத்தரிக்கோல், கூரான குடை எதுவும் கொண்டு வரக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம்.

அன்று பின்னேரம் அம்மா மாமியிடம் சொல்லப் போனார். அவர் உடனே வாறன் என்றார். ஆனால் அம்மா ஒன்றைக் கேட்டார். அங்கே போய் மண் அள்ளித் திட்டக்கூடாது. எங்கள் ஊரில் நெஞ்சு எரிந்த பெண்ணுக்குக் கடைசியாக மிஞ்சுவது அதுதான். எதிராளியின் வாசலில் போய் நின்று, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி எறிந்து, உன் வம்சம் அழியட்டும் என்று சொல்வது. மாமிக்குக் கோபம் வந்தது.

“என்ரை பிள்ளையைக் கொண்டு போனவங்களை நான் கும்பிடவோ, தங்கச்சி?”

அவர்களுக்காகச் செபிக்கத் தனக்கும் மனம் வரவில்லை என்று அம்மா ஒத்துக்கொண்டார். “ஆனா திட்டாமல் இருப்பம், அக்கா. அந்தளவாவது செய்வம்” என்றார். மாமி வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

காலையில் வெள்ளைச் சேலைகளோடு நடந்தோம். கோயில் பெண்களும், மாமியோடு பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றச் சைவப் பெண்களும் வந்திருந்தார்கள். போதகர் வெள்ளை அங்கியோடு முன்னால் போனார். முகாம் முன்பு ஒரு பழைய களஞ்சியமாக இருந்த கட்டடம். வாசலில் பனங்குற்றிகளும் மணல் மூட்டைகளும் அடுக்கியிருந்தார்கள். மூட்டைகளின் மேலே துவக்குக் குழாய்கள் தெரிந்தன. எனக்குத் திரும்பி ஓடிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் என் விரல்கள் நோகுமளவுக்கு இறுக்கிப் பிடித்தார்.

ஈரத் தெருவில் சாக்கு விரித்து இருந்தோம். சிங்களத்தில் ஏதோ கத்தினார்கள். யாரும் எழும்பவில்லை. அப்போது வானத்தை நோக்கிச் சுட்டார்கள். தகர மூடிச் சத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காது அடைத்தது. பக்கத்துப் பனைகளில் இருந்து காகங்கள் எல்லாம் கிளம்பின. முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு பரமண்டல செபத்தைச் சொல்லத் தொடங்கினேன். பிறர் செய்த குற்றத்தை மன்னிக்கிற இடம் வந்ததும் வார்த்தை மறந்துபோனது. சின்ன வயதில் இருந்து ஒவ்வொரு நாளும் சொன்ன செபம். திரும்பத் திரும்ப முதலில் இருந்து தொடங்கி அந்த இடத்திலேயே நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒருவரும் ஓடியிருக்கவில்லை.

அப்படியே ஒவ்வொரு நாளும் காலையில் போய், பொழுது படுகிற நேரம் வீட்டுக்கு வந்தோம். எங்கள் பாட்டு முடிய, சைவப் பெண்கள் தேவாரம் பாடுவார்கள். பாட்டு நின்றால் பயம் வந்துவிடும் என்பதால் மாறி மாறிப் பாடினோம். ஒரு நாள் உள்ளே இருந்து யாரோ அலறும் சத்தம் கேட்டது. யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை. ஒவ்வொரு தாயும் அது தன் பிள்ளை என்றுதான் நினைத்தாள். மாமி எழுந்து வாசலை நோக்கி நடந்தார். ஒரு சிப்பாய் துவக்கின் அடிப்பகுதியால் அவரைத் தள்ள, அவர் சேற்றில் விழுந்தார். விழுந்தவர் எழும்பும்போது கை நிறைய மண்ணை அள்ளினார்.

அது கல்லோ குண்டோ என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த துவக்குகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. போதகர் “வேண்டாம், வேண்டாம்” என்றது கேட்டது. என்னால் அசைய முடியவில்லை. அம்மா எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் மாமியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“விடு, தங்கச்சி” என்றார் மாமி.

“போடுங்கோ, அக்கா. கீழை போடுங்கோ. உள்ளை எங்கடை பிள்ளையள் இருக்குதுகள்.”

மாமியின் தோள்கள் குலுங்கின. விரல்கள் மெதுவாக விரிந்தன. மண் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய சேலையில் விழுந்தது. அம்மா அந்தச் சிப்பாயை நோக்கித் திரும்பி, வெறும் கைகளைத் தூக்கிக் காட்டினார். அவன் தம்பியின் வயதுக்காரன். அவனுடைய உதடும் நடுங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு அவனும் பயப்படுகிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் எனக்கு ஆறுதல் வரவில்லை. பயந்தவன் கையில் துவக்கு இருப்பது இன்னும் ஆபத்து என்றுதான் தோன்றியது. அம்மா மாமியைக் கூட்டிவந்து சாக்கில் இருத்தினார். சற்றுப் பொறுத்து வாசலில் இருந்தவர்கள் துவக்குகளைத் தாழ்த்தினார்கள்.

மறுகிழமை தமிழ் பேசத் தெரிந்த ஒரு அதிகாரி வந்து போதகரோடு கதைத்தார். சிலரை விடுவதாகச் சொன்னார். தம்பி வெளியே வந்தான். உள்ளங்கால்கள் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வந்தான். மாமியின் மகன் வரவில்லை. அவனை ஏற்கெனவே தெற்கே அனுப்பிவிட்டார்கள். மாமி தம்பியின் தலையைத் தடவிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்து போனார். அடுத்த வீட்டில் அழுகை கேட்டுக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் தம்பிக்குச் சோறு பரிமாறினோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருடம் நடுப்பகுதியில் இராணுவம் முகாமை விட்டு வெளியே வருவது குறைந்தது. இயக்கப் பெடியள், ஆமியோடு சண்டை பிடிக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள், துவக்குகளோடு வெளிப்படையாகத் திரியத் தொடங்கினார்கள். அவர்களுடைய மறைவிடம் ஒன்றை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டதாகக் கதை வந்தது. ஒரு மத்தியானம் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். மாமியின் மகனைத் தெற்கே அனுப்பிய ஆமி இவனை மட்டும் ஏன் விட்டது என்று கேட்டார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த நாட்களில் அப்படிப் பிடித்தவர்களைச் சந்தியில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டுவிட்டு, கழுத்தில் துரோகி என்று எழுதித் தொங்கவிடுவார்கள். சங்கக்கடைக்குப் போகும் வழியில் நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். போதகர் ஊரில் இல்லை. முகாமுக்கு வந்த பெண்களின் வீடுகளுக்கு நான் ஓடினேன். அது ஆமி, இது எங்கடை பெடியளல்லோ, எப்பிடிப் போய் இருக்கிறது என்றார்கள். ஒருத்தி கதவையே திறக்கவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் படலையடியில் மாமி நின்றார். நான் அவரிடம் போயிருக்கவில்லை. போக எனக்கு முகம் இல்லை.

பெடியள் பனங்கூடலுக்குள் ஆளில்லாத ஒரு கல்வீட்டில் இருந்தார்கள். நாங்கள் மூவரும் முற்றத்தில் போய் இருந்தோம். அம்மா வாய்விட்டுச் செபித்தார். தம்பிக்காக மட்டும் இல்லை. அந்தப் பெடியளின் தாய்மாருக்காகவும், அவர்களுடைய கையில் இரத்தம் படாமல் இருக்க வேண்டும் என்றும் செபித்தார்.  அவர்களுக்குப் பொறுப்பானவன் வெளியே வந்து எழும்பிப் போகச் சொன்னான். நாங்கள் எழும்பவில்லை. அவன் மாமியைப் பார்த்தான்.

“உங்கடை மகனைக் காட்டிக்குடுத்தவன் இவனெண்டால் என்ன செய்வியள், அம்மா?”

 அந்தச் சந்தேகம் மாமிக்கும் இருந்திருக்குமோ என்று பல இரவு நான் நினைத்ததுண்டு. மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியாது, தம்பி. உமக்கும் தெரியாது. என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லி இன்னொரு பிள்ளையைக் கொல்லாதேங்கோ. அவன் திரும்பி வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

அவன் உள்ளே போய்விட்டான். வெயில் சாயும் வரை யாரும் வரவில்லை. பனையோலை உரசுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. உள்ளே வெடிச்சத்தம் கேட்கப் போகிறது என்றுதான் காத்திருந்தேன். கடைசியில் தம்பியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் விட்டார்கள். இனி இந்த ஊரில் இருக்கக்கூடாது என்றார்கள். அந்தக் கிழமையே அவன் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனான். அம்மா பிறகு அவனைப் பார்க்கவில்லை.

மாமியின் மகன் எண்பத்தேழில், இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்து சிறையில் இருந்தவர்களை விட்டபோது வந்தான். மெலிந்து, நரைத்து, யாரோடும் கதைக்காமல் வந்தான். காட்டிக்கொடுத்தது யார் என்று மாமி அவனிடம் கேட்கவே இல்லையாம்.

அந்த வருடம் கோயிலில் அம்மாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கர்த்தர் எப்படித் தைரியம் தந்தார் என்று சொல்லும்படி போதகர் கேட்டார். அம்மா பீடத்தடிக்குப் போய் நின்றார்.

“தைரியம் வரேல்லை. வீட்டை வருமட்டும் பயமாத்தான் கிடந்தது. இப்பவும் பயம்தான்” என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்பதுபோலப் போதகரைப் பார்த்தார். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.