சர்க்கரைத் தண்ணீரில் எரிந்த விளக்கு

தஹ்மீனா என் தங்கை; அண்ணனான என்னை எங்கள் வழக்கப்படி காக்கா என்பாள். நான் எட்டாவதோடு நின்று அதிராம்பட்டினத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். அவள் வேதியியலில் எம்.எஸ்சி. எங்கள் தெருவில் அதைப் படித்த முதல் பெண், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இரண்டு வருடமாக வேலை தேடினாள். சென்ற ஜூனில் பூதலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்க அழைத்தார்கள். சாமான்களை நான்தான் கட்டினேன். கல்லுப்பு, சர்க்கரை, செம்புக் கம்பி, ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்ன எல்.இ.டி. விளக்கு. எல்லாம் தனித்தனிப் பொட்டலம், மேலே பெயர். ஒரு பாட்டில் மிஞ்சியது.

"இது என்ன புள்ள?"

"பேட்டரித் தண்ணி, காக்கா."

லாரிக்காரர்கள் பேட்டரியில் ஊற்றுவார்களே, அதுவா? அதில் கரண்ட் இருக்குமே! விளக்கு தானாக எரிந்தால் ஏமாற்று என்பார்களே! சத்தமில்லாமல் கொட்டிவிட்டு, பாட்டிலை மூன்று தரம் அலசி, வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து வைத்தேன்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். செம்புக் கம்பியில் விளக்கு எரிந்தது. "உலோகத்துல எலக்ட்ரான் எல்லா அணுவுக்கும் பொது, ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள். உலர்ந்த உப்பில் எரியவில்லை, உப்புத் தண்ணீரில் எரிந்தது. "கரைஞ்சாத்தான் அயனிகள் நகரும். சர்க்கரையில அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டு மூலக்கூறாவே இருக்கும். அதனால எரியாது, பாருங்க."

சர்க்கரைத் தண்ணீரில் விளக்கு மங்கலாக எரிந்தது.

"டீச்சர், சர்க்கரைக்கும் கரண்ட் வந்துடுச்சு!" என்று ஒருத்தி கத்த, வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சாவித்திரி பேனாவை மூடினார். என் பொட்டலத்தில் உப்பு கலந்துவிட்டதா?

தஹ்மீனா கம்பியைத் துடைத்து, பாட்டிலில் மிஞ்சியிருந்த வெறும் தண்ணீரில் வைத்தாள். எரிந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தவள் என்னைப் பார்த்தாள்.

"தப்பு சர்க்கரையில இல்ல. இது எங்க கடலோரத் தண்ணி, உப்பு இருக்கு. சோதிக்காம கொண்டுவந்தது என் தப்பு. மேடம், இன்வெர்ட்டருக்கு ஊத்துற பேட்டரித் தண்ணி இருக்குங்களா?"

வந்தது. அதில் சர்க்கரையைக் கரைத்தாள். விளக்கு எரியவே இல்லை.

பஸ்ஸில் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "பேட்டரித் தண்ணியில ஏன் எரியல?"

"அதுல தண்ணியத் தவிர ஒண்ணுமே இல்ல, காக்கா."

"ஒண்ணுமில்லாததையா விலைக்கு வாங்குறாங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நான்கு நாள் கழித்து வேலை உத்தரவு வந்தது. தவறு வந்ததும் நின்று யோசித்தாரே, அதற்காகத்தான் எடுத்தோம் என்றாராம் தலைமையாசிரியை. அப்படியானால் நான் கெடுத்தேனா, வாங்கிக் கொடுத்தேனா? இன்னும் விளங்கவில்லை.