மூலையில் நின்ற எழுத்துகள்

ஜகதாம்பாள் யாருடைய எழுத்தையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பொம்மனஹள்ளியில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் 1999இல் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. என் மேசைக்கு எதிர் மேசை. முதல் நாள் நான் எழுதிக் கொடுத்த பணியில் சேரும் கடிதத்தைப் படித்துவிட்டு, "எந்த ஸ்கூல்ல படிச்சே?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஃபீஸைத் திருப்பித் தருவாங்களான்னு கேட்டுப் பாரு," என்றார்.

அலுவலகத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. 1971இல் சுருக்கெழுத்தராகச் சேர்ந்தவர். மேலாளர் வெங்கடராமன் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சு செய்தார். மற்றவர்கள் எழுதும் கடிதமும் அவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். விற்பனைப் பிரிவில் ஒருவர் ஒரே கடிதத்தை ஐந்து முறை எழுதியதாக இன்னும் கசப்போடு சொல்வார்கள்.

அந்தக் கடிதங்களில் ஒரு வழக்கம் இருந்தது. இடது பக்கம், கையெழுத்துக்கும் கீழே, மூலையில் சின்னதாக கே.வி. என்று இருக்கும். அது கடிதத்தைச் சொன்ன வெங்கடராமன். ஒரு சாய்கோடு. பிறகு ஆர்.ஜே. அது தட்டச்சு செய்த ஜகதாம்பாள். தப்பு இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக வைத்த வழக்கம். அந்த இரண்டு எழுத்துக்காகத்தான் அவர் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை படித்தார்.

1997இல் வெங்கடராமன் ஓய்வு பெற்றார். மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்தது. புதிய மேலாளர் இளங்கோவன் ஒரு சுற்றறிக்கை விட்டார்: அவரவர் கடிதத்தை அவரவரே எழுதி அனுப்பிக்கொள்ளலாம், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ஜகதாம்பாளை விடுப்புப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். எழுத்து கெட்டதற்கு எல்லாரும் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் அது கெட்டது அந்தச் சுற்றறிக்கை வந்த வாரத்தில். படித்துப் பார்க்க வேண்டாம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னதும், படிப்பதை எல்லாரும் மகிழ்ச்சியோடு நிறுத்தினார்கள். பட்டம் வாங்கியவர்கள்தான். ஒரே வாக்கியத்தில் நேற்றும் நாளையும் கலந்து வந்தன. ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' மூன்று எழுத்தாகச் சுருங்கியது. கேன்டீன் பலகையில் ஒட்டிய தமிழ் அறிவிப்பைத் தொழிலாளர்கள் நின்று படித்துச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

புதிதாக ஒரு கடிதத்தைத் தொடங்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. ஜகதாம்பாள் தட்டச்சு வேலையில் இருந்த கடைசி ஆண்டில் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்த பழைய கடிதம் ஒன்றைத் திறப்பார்கள். நடுவில் இருப்பதை அழித்துத் தங்கள் சரக்கைக் கொட்டுவார்கள். வேறு பெயரில் சேமித்து அச்செடுப்பார்கள். மூலை அப்படியே இருக்கும். வீட்டில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கும் வெங்கடராமன் தினமும் முப்பது கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் முப்பது கடிதத்தைத் தப்பும் தவறுமாக ஜகதாம்பாள் அடித்துக்கொண்டிருந்தார். என் கடிதங்களின் மூலையிலும் அவர்கள் இருவரும் இருந்தார்கள்.

விற்பனைப் பிரிவு அருண்குமாரிடம் அவர் நேராகவே கேட்டார். "ஏம்ப்பா, உன் குப்பையிலே என் பேர் எதுக்கு?"

"இரலி பிடி மேடம்," என்றான் அவன் கன்னடத்தில். "இருக்கட்டும், விட்டுருங்க. அந்த மூலையெல்லாம் யார் பாக்கறா? அர்த்தம் புரிஞ்சா போதாதா?"

"அர்த்தமா? அது எங்க இருக்குன்னு காட்டு, பாக்கறேன்."

இளங்கோவனிடம் இரண்டு முறை சொன்னார். "பார்க்கலாம் மேடம்," என்றார் அவர் இரண்டு முறையும்.

2001இல் ஆட்குறைப்பு வந்தது. விருப்ப ஓய்வு என்று பெயர். அலுவலகத்தில் எட்டுப் பேரை அனுப்ப வேண்டும். கோப்பில் கறை உள்ளவர்கள் முதலில் என்று பேச்சு. ஜகதாம்பாளுக்கு இன்னும் மூன்று ஆண்டு வேலை பாக்கி. சந்தாபுராவில் ஒரு பக்கம் சுவர் எழும்பாத வீடு. அவர் கோப்பில் முப்பது ஆண்டாக ஒரு கோடு கிடையாது.

அந்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். அவருடைய கம்பெனியின் பெயரை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தோம். மூன்றையும் வட்டமிட்டு, 'எங்கள் பெயரைக் கற்றுக்கொண்ட பிறகு ஆர்டர் கேளுங்கள்' என்று அடியில் எழுதியிருந்தார். எங்கள் கடிதத்தை எழுதியது அருண்குமார். எனக்குத் தெரியும், அச்சு எந்திரம் என் பக்கத்தில்தான் இருந்தது. இளங்கோவனுக்கும் தெரியும், விற்பனைக் கடிதத்தை வேறு யாரும் எழுதுவதில்லை. ஆனால் எம்.டி. கேட்டது, "இதை யார் டைப் பண்ணது?" என்று. இளங்கோவன் மூலையைக் காட்டினார். அறியாமல் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டுப் பெயர் தேவைப்பட்டது, ஒன்று கிடைத்தது.

மறுநாள் காலை ஜகதாம்பாளுக்கு மெமோ வந்தது. கவனக்குறைவாகத் தட்டச்சு செய்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அவர் நின்றபடியே படித்தார். வழக்கம்போல சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு இடத்தில் சுழித்தார். கடைசியில் பேனா நின்றது. அருண்குமார் தன் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான். நானும் வாய் திறக்கவில்லை.

அவர் இளங்கோவன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"சார், இந்த மெமோவை அடிச்சது யாரு?"

"நான்தான் மேடம். கான்ஃபிடென்ஷியல் இல்லையா."

"மூலையிலே என் பேர் இருக்கே. எனக்கு நானே மெமோ அடிச்சுக்கிட்டேனா?"

தாள் கைமாறும் சத்தம் கேட்டது.

"பழைய ஃபைல்லேர்ந்து எடுத்தது. அப்படியே வந்துடுச்சு."

"அப்ப கோயம்புத்தூர் லெட்டர்லயும் அப்படியே வந்திருக்கும், இல்லையா? சொன்னவர் கே.வி.ன்னு அதிலே இருக்கு. அவர் நாலு வருஷமா மல்லேஸ்வரத்திலே வீட்டுல இருக்கார். அவருக்கும் மெமோ போச்சா, எனக்கு மட்டும்தானா?"

வெளியே யாரோ சிரித்தார்கள். இளங்கோவன் குரலைத் தாழ்த்தினார். "சரி, விடுங்க மேடம். கிழிச்சுப் போட்டுடுங்க."

"கிழிச்சா என் கையிலே இருக்கறது போகும். ஃபைல்ல இருக்கறது?"

"எடுத்துடறேன்."

"எழுதிக் குடுங்க. மெமோ வாபஸ், அந்த லெட்டரை நான் அடிக்கலை. எம்.டி.க்கு ஒரு காப்பி."

"நீங்களே அடிச்சுக் கொண்டாங்க, சைன் பண்றேன். உங்க இங்கிலீஷ்னா நல்லாவும் இருக்கும்."

"எனக்கு லீவு ரிஜிஸ்டர்ல வேலை இருக்கு சார். அவங்கவங்க லெட்டரை அவங்கவங்கதான் அடிக்கணும். உங்க சர்க்குலர்."

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மேலாளர் இரண்டு விரலால் நான்கு வரி அடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அச்சு என் பக்கத்து எந்திரத்தில் வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூலையில் மறுபடியும் கே.வி., சாய்கோடு, ஆர்.ஜே. ஜகதாம்பாள் சிவப்புப் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு இழுத்துத் தாளை மேசைமேல் வைத்தார்.

"கோடு போட்டதுக்குப் பக்கத்திலே உங்க இனிஷியல் போடுங்க சார்."

போட்டார். காது சிவந்திருந்தது.

விருப்ப ஓய்வுப் பட்டியல் அடுத்த வாரம் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. அருண்குமார் பெயரும் இல்லை. கோயம்புத்தூர் ஆர்டர் திரும்பி வரவில்லை. அதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஜகதாம்பாள் 2004 வரை அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றார்.

இளங்கோவன் அடித்த அந்தக் கடிதத்தை அவர் கோப்பில் சேர்க்கும் முன் நான் படித்தேன். நான்கு வரியில் ஐந்து தப்பு. ஒன்றில்கூடச் சிவப்பு மை இல்லை. அவரிடம் நானாக எதையும் கேட்டதில்லை; அன்று கேட்டேன்.

"இதைத் திருத்தச் சொல்லலையா?"

"எதுக்கு? அவர் எழுதினதுன்னு தெரியணும்ல," என்றார்.

மறுநாள் என் விடுப்பு விண்ணப்பத்தைத் திருப்பி என் மேசைமேல் போட்டார். தேதியில் ஆண்டை விட்டுவிட்டேனாம்.