சங்கரா மீனுக்கு முப்பத்தொன்பது டாலர்

கருக்களாச்சேரிக் கடலை ஒரு டீச்சர் வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டார் என்ற செய்தி எனக்குக் கோட்டுச்சேரி டீக்கடையில் கிடைத்தது. சொன்னவர் இளையபெருமாள். அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிக்கையோடுதான் பேசுவார்.

"ஒரு ஆளுக்கு முப்பத்தொம்போது டாலருங்க. கட்டுனாத்தான் படிக்கலாம். அமெரிக்காவுல எத்தன காலேஜ் இருக்கு, பெருக்கிப் பாத்துக்குங்க."

"கடலையா விக்கிறாங்க?"

"மீன் எங்க கெடக்குங்கிற வெவரத்தங்க. கடலை வித்தாலாவது தண்ணி மிஞ்சும்."

வதந்தி விலையோடு வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பது என் அனுபவம். போய்ப் பார்த்தேன்.

டீச்சரின் பெயர் அஞ்சுகம். பட்டினச்சேரிக்காரர், அப்பா கடலுக்குப் போனவர். விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராக இருக்கிறார். மாதம் இருபத்தைந்தாயிரம். டாலரில் புரளும் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கை இல்லை.

"வித்தது உண்மைதாங்க," என்றார் முதல் வாக்கியத்திலேயே. "காசு மட்டும் எனக்கு வரல."

இரண்டு ஆண்டுகள் அவர் விடியற்காலையில் தான் சித்தப்பா என்று கூப்பிடும் கருக்களாச்சேரி மாரிக்கண்ணுவின் ஃபைபர் படகில் போயிருக்கிறார். கடலடியில் இருக்கும் கல்தரைக்குப் ‘பார்’ என்று பெயர். எந்த மாதம் எந்தப் பாருக்குச் சங்கரா மீன் முட்டையிட வருகிறது என்று மாரிக்கண்ணு காட்டினார். அஞ்சுகம் அளந்தார், எடை போட்டார், எழுதினார். அந்தக் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டு ஒரு படிவம் அனுப்பியது. அதில் இரண்டு கட்டங்கள். உலகில் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் எழுதியவர் இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மற்றதில் அடித்தால் எழுதியவருக்குச் செலவில்லை, படிக்கிறவர் கட்டுவார். மீனைக் காட்டியவர், எழுதியவர், சம்பளமில்லாமல் சரிபார்த்துக் கொடுத்த பேராசிரியர்கள், எவருக்கும் சல்லிக்காசு இல்லாத இந்த ஏற்பாட்டை யோசித்தவரை நம் மீன் ஏலக்காரர்கள் பார்த்தால் காலில் விழுந்து கும்பிடுவார்கள்.

அஞ்சுகம் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளிவந்ததும் ஐம்பது நாளைக்கு இலவசமாகத் திறக்கும் ஓர் இணைப்பைக் கொடுத்தார்கள். "சித்தப்பாவுக்குத் தமிழ்ல எழுதி எடுத்துட்டுப் போவணும்னு நெனச்சேன். விடைத்தாள் வந்துருச்சு. நல்லா செய்யணும், நல்லா செய்யணும்னே நாள் ஓடிருச்சு. அம்பத்தோராவது நாள் நான் தொறந்தா, என்கிட்டயே முப்பத்தொம்போது டாலர் கேக்குது."

"உங்க கையில ஒரு பிரதி இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டமே, குடுத்தா கேஸ் போடுவாங்கன்னு பயம்."

அதற்குள் மாரிக்கண்ணுவின் மகள் ஷர்மிளா போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். மேலே ஐந்து வரிச் சுருக்கம், கீழே விலை. அப்பாவுக்கு விலையை மட்டும் வாசித்துக் காட்டினாள்.

மாரிக்கண்ணு வளர்ந்த படகுகளில் ஒரு வழக்கம். மீன் கூட்டத்தைக் கண்டு சொன்னவர் வலையில் கை வைக்காவிட்டாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அவர் கேட்க மாட்டார். கரையிலேயே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். மாரிக்கண்ணு எட்டு மாதம் காத்திருந்தார். பிறகு அஞ்சுகம் கரைக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திருப்பியதைப் பார்த்துக் கரையே திருப்பிக்கொண்டது. அளந்து பார்க்க ஒரு மீன்கூட அஞ்சுகத்துக்குக் கிடைக்கவில்லை. ஆய்வு நின்றுபோனதைவிட, சித்தப்பா என்று கூப்பிட்ட ஆள் பேசாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்தப் படிவத்தின் நான்காம் பக்கத்தை இப்போதுதான் படித்திருக்கிறார். அச்சாகும் முன் தன்னிடம் இருந்த கடைசிப் பிரதியை, ஓராண்டு கழித்து இலவச இணையக் காப்பகத்தில் போடலாம் என்று அதிலேயே இருக்கிறது. "இந்தத் தடவ சித்தப்பாவக் கேட்டுட்டுப் போடுறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன்.

மாரிக்கண்ணு எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார். ஷர்மிளா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"காசு எதுவும் எனக்கு வரலைங்க சித்தப்பா."

"அது தெரியுது பாப்பா. வந்திருந்தா இந்தச் செருப்ப மாத்திருப்ப."

"இப்ப சும்மாவே போடலாமாம். யாரு வேணா படிக்கலாம். போடட்டுமா?"

"யாரு வேணான்னா? விசைப்படகுக்காரனுமா? வந்து மொத்தத்தையும் அள்ளிருவானே."

அஞ்சுகம் கட்டுரையைப் புரட்டினார். இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொரு பாரின் இடமும் அட்சரேகை, தீர்க்கரேகையாகத் தசமப் புள்ளியோடு இருக்கிறது.

"அப்ப பூட்டிப் போட்டு வச்சிருக்கானே, அவன் நல்லவன்தான்," என்றார் மாரிக்கண்ணு.

அந்த அட்டவணையை மட்டும் எடுத்துவிடலாமா என்று காப்பகத்துக்கு எழுதிக் கேட்டு, ஒப்புதல் வாங்கி, அடுத்த வாரம் படகு நிழலில் உட்கார்ந்து அவர் கண் முன்னாலேயே ஏற்றினார் அஞ்சுகம். ஷர்மிளாவின் போனில் காசு கேட்காமல் திறந்தது. அஞ்சுகம் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்ல, மாரிக்கண்ணு குறுக்கே பேசாமல் கேட்டார். ஓரிடத்தில் மட்டும், "பங்குனியா? பங்குனிக் கடைசின்னுல்ல சொன்னேன்" என்றார். அஞ்சுகம் குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் மாரிக்கண்ணு கேட்டார்: "எம்பேரு எங்க?"

"கடைசில இருக்குங்க. கருக்களாச்சேரி மீனவர்களுக்கு நன்றின்னு."

"அது எதுத்த வீட்டு நெடுமாறனுக்கும் சேத்துத்தான? அவன் கடலுக்குப் போயி பத்து வருசமாச்சு."

ஷர்மிளா சிரித்தாள். அஞ்சுகம் சிரிக்கவில்லை.

"நீங்க காட்டலேன்னா இது ஒண்ணுமே இல்ல. ஒங்க பேர என் பேருக்குப் பக்கத்துல போட்டிருக்கணும். எழுதுறப்ப எனக்குத் தோணவே இல்ல சித்தப்பா."

"காசு இல்லன்னா பரவால்ல. பேருல ஒரு பங்கு ஒதுக்கிருக்கலாம்," என்றார் அவர், எஞ்சின் பக்கம் திரும்பி.

காப்பகத்தில் அட்டவணையை எடுக்கலாம்; எழுதியவர் பட்டியலில் கைவைக்கக் கூடாது. அதை ஆய்விதழ் ஆசிரியர்தான் திருத்த வேண்டும். அன்றே அஞ்சுகம் அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினார், மறுபடியும் அதே இயந்திரம். இப்போது கரையில் அவருக்கு அளக்க மீன் கிடைக்கிறது. மாரிக்கண்ணுவும் பேசுகிறார், வானிலையைப் பற்றி.

நான்கு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தக் கட்டுரையை இலவசமாக இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மாரிக்கண்ணு என்ற பெயர் அதில் இன்னும் இல்லை.